முற்றங்களின் நகரம்: புனே வாடாக்களின் வாழ்வும் வீழ்வும்

கல்லில் எழுந்தது நிற்கும். மரத்திலும் செங்கல்லிலும் எழுந்தது காலப்போக்கில் மறையும். தமிழக வரலாறு நமக்குக் காட்டும் உண்மை இது. கங்கைகொண்டசோழபுரம் சென்று வந்தோர் இதனை நேரிற் கண்டிருப்பர். இராசேந்திர சோழன் இறைவனுக்கு எடுத்த கற்றளி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக வானளாவி நிற்கிறது. அச்சோழர் வாழ்ந்த அரண்மனையோ, மாளிகைமேடு என்னும் இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செங்கல் அடித்தளங்களாக மட்டுமே எஞ்சியுள்ளது. மன்னனின் மாளிகைக்கே இக்கதி எனில், குடிமக்களின் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. கோயில்களைப் பற்றி நாம் அறிவது மிகுதி. அக்கோயில்களைச் சுற்றி வாழ்ந்தோர் எத்தகைய வீடுகளில் உண்டு உறங்கினர் என்பது பற்றி நாம் அறிவது மிகக் குறைவு.

நாம் குடியேறி வாழும் புனே நகரில் இம்மறைவு நம் கண்முன்னே நிகழ்ந்து கொண்டிருக்கிறது. பழைய பேட்டைகளில் வாடா என்னும் முற்றவீடுகள் ஒவ்வொன்றாக விழுந்து வருகின்றன. தமிழ்ச் செவிக்கு வேறு பொருள் தந்து முறுவலை வரவழைக்கும் இச்சொல், மராத்தியில் சுவர் சூழ்ந்த பெருமனையைக் குறிக்கும். அம்மனைகள் எவ்வாறு எழுந்தன, எவ்வாறு வாழ்ந்தன, ஏன் வீழ்கின்றன என்பவற்றை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர் வளர்ந்த வகை

புனேயின் மூலக் குடியிருப்பு முத்தா ஆற்றின் கரையில் அமைந்த கஸ்பா பேட் என்னும் பகுதியாகும். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வூர் சாகாஜி போன்ஸ்லேயின் சாகீராக இருந்தது. 1630-ஆம் ஆண்டையொட்டி எழுந்த போர்களில் ஊர் பாழாயிற்று. பின்னர் சாகாஜியின் துணைவியார் ஜிஜாபாயும் இளம் சிவாஜியும் இங்கு வந்து தங்க, தாதோஜி கொண்டதேவின் மேற்பார்வையில் ஊர் மீண்டும் தழைத்தது. அவர்கள் தங்கிய மனையே லால் மகால் எனப்பட்டது. 1663-ஆம் ஆண்டு மொகலாயத் தளபதி சாயிஸ்தகானை இரவில் தாக்கிச் சிவாஜி வெற்றி கண்டதும் இம்மனையில்தான்.

ஈண்டுத் தமிழராகிய நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சாகாஜியின் மற்றொரு மைந்தரான ஏகோஜி என்னும் வெங்கோஜியே 1676-ஆம் ஆண்டையொட்டித் தஞ்சையில் மராத்தியர் ஆட்சியை நிறுவியவர். ஒரே தந்தையின் மக்களுள் ஒருவர் சகியாத்திரி மலைகளில் அரசு கண்டார். மற்றவர் காவிரிக் கரையில் அரசு கண்டார். ஆகவே புனேக்கும் தஞ்சைக்கும் உள்ள உறவு, நம்மவர் புகைவண்டி ஏறி வேலை தேடி இங்கு வந்த நாளில் தொடங்கியதன்று. அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது.

முதலாம் பாஜிராவ் பேஷ்வா புனேயைத் தம் இருப்பிடமாகக் கொண்டபின் நகரம் விரைந்து வளர்ந்தது. கஸ்பாவைச் சுற்றிப் புதிய பேட்டைகள் எழுந்தன. சனிவார், ரவிவார், சோமவார், மங்கள்வார், புதவார், குருவார், சுக்ரவார் என ஏழு கிழமைகளும் ஏழு பேட்டைகளுக்குப் பெயராயின. சதாசிவ பேட், நாராயண் பேட், நானா பேட், ராஸ்தா பேட் ஆகியவை மனிதர்களின் பெயரைத் தாங்கின. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நானாசாகேப் பேஷ்வா, தெற்கே காத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியே நகருக்கு நீர் கொணர்ந்தார். தெருக்களிலும் பெருமனைகளிலும் அமைந்த கல்தொட்டிகளில் அந்நீர் வந்து நிறைந்தது. நீர் வந்த வழியே மனைகளும் பெருகின என்று கூறலாம்.

வாடாவின் அமைப்பு

வாடாவின் உள்ளமைப்பை நோக்குவோர்க்கு அது அயலான் வீடாகத் தோன்றாது. தெருவை நோக்கி உயர்ந்த சுவரும் பெரிய மரக்கதவும் நிற்கும். அக்கதவினுள்ளே குனிந்து செல்லத்தக்க சிறிய திட்டிவாசல் ஒன்று இருக்கும். மராத்தியர் அதனைத் திண்டி தர்வாஜா என்பர். அதனைக் கடந்தால் தேவ்டி என்னும் நுழைவிடம். காவலாளி அமர்வதும் வந்தவர் காத்திருப்பதும் அங்கேதான். தஞ்சை மாவட்டத்து வீடுகளின் ரேழியை இது நினைவூட்டும். அதற்கப்பால் வானம் நோக்கித் திறந்த சௌக் என்னும் முற்றம். முற்றத்தைச் சூழ்ந்து ஓசரி என்னும் தாழ்வாரம். மேல்தளத்தில் விருந்தினரை வரவேற்கும் திவான்கானா. உட்புறத்தில் குடும்பத்தார் புழங்கும் மாஜ்கர், வழிபாட்டறை, அடுக்களை ஆகியன அமையும். முற்றத்தின் நடுவே துளசி மாடம் நிற்கும். செல்வர் மனைகளில் இரண்டு, மூன்று முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமையும். முன்முற்றம் ஆடவரின் அலுவலுக்கும், உள்முற்றம் பெண்டிரின் பணிகளுக்கும், பின்முற்றம் மாடு கன்றுகளுக்கும் கிணற்றுக்கும் உரியன.

நம் ஊர்களில் முதற்கட்டு, இரண்டாங்கட்டு என்று வழங்குவோமே, அதே முறை இது. செட்டிநாட்டு வீடுகளின் வளவும் இவ்வகையினதே. வெயில் மிகுந்த நாட்டில் வீட்டின் நடுவே வானத்தைக் கொணர்ந்து, வெப்பக் காற்று மேலெழவும் நிழலில் குளிர்ந்த காற்று உள்ளே தங்கவும் வழிகண்ட அறிவு இரு நாட்டார்க்கும் பொதுவாக அமைந்தது.

கட்டும் முறையிலோ வேறுபாடு உண்டு. வாடாவைத் தாங்குவது மரச்சட்டகம். கருங்கல் பீடத்தின் மேல் கல்லாலான அடிமணைகளை இட்டு, அவற்றின் மேல் தேக்குமரத் தூண்களை நிறுத்தி, உத்தரங்களைப் பொருத்தி, இடைவெளிகளைச் செங்கல்லாலும் மண்ணாலும் சுண்ணச்சாந்தாலும் நிரப்பினர். இரு தூண்களுக்கு இடைப்பட்ட அளவு கண் எனப்பட்டது. வீட்டின் பெருமையை இத்தனை கண் என்று எண்ணிச் சொல்வது வழக்கம். உத்தரத்தைத் தாங்கும் போதிகைகளில் வாழைப்பூ வடிவம் செதுக்கப்பட்டது. நம் கோயில் மண்டபங்களில் கல்லில் காணும் புஷ்பப் போதிகை இங்கே மரத்தில் மலர்ந்திருக்கிறது.

இவ்வழகினைப் போற்றும்போது அதன் மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையன்று. பேஷ்வாக்களின் புனே சாதிக் கட்டுப்பாடுகள் மிக்க நகரம். யார் எந்த வாயிலில் நிற்கலாம், யார் எந்தக் கிணற்றில் நீர் மொள்ளலாம் என்பதையெல்லாம் இவ்வீடுகளின் சுவர்களே வரையறுத்தன. அந்நகரிலேயே கஞ்ச் பேட்டையில் வாழ்ந்த ஜோதிராவ் புலே, 1868-ஆம் ஆண்டில் தம் வீட்டுக் கிணற்றைத் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டோர்க்குத் திறந்துவிட்டார். அவ்வீடு இன்று பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக விளங்குகிறது. பேஷ்வாவின் மாளிகை எவ்வளவு வரலாறோ, அவ்வளவு வரலாறு அந்த எளிய வீட்டின் கிணறும். பழமையைக் காத்தல் என்பது பெருமைக்குரியவற்றை மட்டும் காத்தல் ஆகாது.

எரிந்த மாளிகை

புனேயின் கட்டடங்களுள் தலையாயது சனிவார் வாடா. 1730-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10-ஆம் நாள், சனிக்கிழமை, இதற்கு முதலாம் பாஜிராவ் அடிக்கல் நாட்டினார். இரண்டே ஆண்டுகளில், 1732 சனவரி 22-ஆம் நாள், அதுவும் சனிக்கிழமையே, புதுமனை புகுவிழா நடந்தது. ஜுன்னர்க் காடுகளிலிருந்து தேக்கும், சிஞ்ச்வடிலிருந்து கல்லும், ஜேஜுரியிலிருந்து சுண்ணாம்பும் வந்தன என்பர். வடக்கு நோக்கிய தில்லி வாயிலின் கதவுகளில், யானைகள் முட்டித் தள்ளாதவாறு இரும்புக் கூர்முனைகள் பதிக்கப்பெற்றன. ஐந்து வாயில்களும் ஒன்பது கொத்தளங்களும் கொண்ட இம்மாளிகை, இந்தியாவின் பெரும்பகுதியில் ஆணை செலுத்திய ஓர் அரசின் தலைமையிடமாயிற்று.

இளம் பேஷ்வா நாராயணராவ் 1773-இல் கொலையுண்டதும் இதனுள்ளேதான். 1817-இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றினர். 1818-இல் இரண்டாம் பாஜிராவ் பதவி துறந்து வடநாடு சென்றார். 1828 பிப்ரவரி 27-ஆம் நாள் பற்றிய பெருந்தீ ஏழு நாட்கள் எரிந்தது. மரமே எலும்பாக அமைந்த மாளிகை ஆதலின், எரிவதற்கு உரியன யாவும் எரிந்தன. இன்று நாம் காண்பது கோட்டை மதிலும், வாயில்களும், தில்லி வாயிலின் மேலுள்ள நகார்கானாவும், நீரூற்றின் அமைப்பும், புல்வெளியில் வரைபடம் போல் கிடக்கும் அடித்தளங்களும் மட்டுமே. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நம் குடும்பங்கள், அரண்மனை எங்கே என்று அவர்கள் கேட்கும்போது, அத்தளங்களையே சுட்டிக் காட்ட வேண்டியுள்ளது. மாளிகைமேட்டில் சோழன் மாளிகை கிடக்கும் கோலமும் இதுவே.

பயன்பாடே உயிர்

சனிவார் வாடாவிலிருந்து சிறிது தொலைவில் நிற்கும் விசிராம்பாக் வாடாவின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் பாஜிராவ் தம் இருப்பிடமாக இதனைக் கட்டினார். தெருவை நோக்கிய முகப்பில் செதுக்கு வேலை மிகுந்த மரத்தூண்களும் முன்தள்ளிய மாடமும் இன்றும் காண்போரை நிறுத்துகின்றன. அரசு வீழ்ந்தபின் 1821-இல் ஆங்கிலேயர் இங்கே வடமொழிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினர். அதுவே பின்னாளில் வளர்ந்து டெக்கான் கல்லூரியாயிற்று. 1879-இல் ஏற்பட்ட தீயில் மனையின் ஒரு பகுதி அழிந்து, மீண்டும் எழுப்பப்பட்டது. அதே ஆண்டில் தீக்கிரையான புதவார் வாடாவோ மீளவேயில்லை. விசிராம்பாக் வாடாவில் பின்னர் நகராட்சி அலுவலகங்கள் நெடுங்காலம் இயங்கின. எனவே ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒருவர் அதன் கூரையைப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒழுகினால் அடைக்க வேண்டியதாயிற்று. அதனாலேயே அது பிழைத்தது எனலாம்.

நானா பட்னவீசர் 1780-ஆம் ஆண்டையொட்டிக் கட்டிய நானா வாடா பள்ளிக்கூடமாகிப் பிழைத்தது. நாராயண் பேட்டையில் கெய்க்வாட் வாடா, திலகரின் கைக்கு வந்து கேசரி இதழின் இல்லமாகிப் பிழைத்தது. சுக்ரவார் பேட்டையில் தினகர் கேல்கர், இளம் வயதில் இறந்த தம் மகன் ராஜாவின் நினைவாகத் தொடங்கிய அருங்காட்சியகம், விளக்கு, பாக்குவெட்டி, கதவு, தூண் என இல்லங்களின் பொருள்களையெல்லாம் திரட்டிக் காத்தது. கோத்ரூடிலிருந்த மஸ்தானி மகாலின் பகுதிகளும் பெயர்த்துக் கொணரப்பட்டு அங்கே மீண்டும் அமைக்கப்பட்டுள்ளன.

தமிழகத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் இன்று எஞ்சியிருப்பது பழைய மாளிகையின் ஒரு பகுதியே. அதனைச் சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழுதுபார்த்ததும், நீதிமன்றம் அங்கே இயங்கியதும் அப்பகுதியைக் காத்தன. தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி மன்னர் வளர்த்த சரஸ்வதி மகால் நூலகம் 1918-இல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. ஓலைச்சுவடிகளைக் காக்க வேண்டிய தேவையே அவை இருந்த கூடங்களையும் காத்தது. பூட்டிய வீடு பாழாகும். புழங்கும் வீடு வாழும். நம் பாட்டிமார் விளக்கேற்றாத வீடு என்று வருந்திச் சொல்வது கட்டடக் கலைக்கும் பொருந்தும் உண்மையே.

கணக்கால் விழும் வீடுகள்

தீயையும் பகையையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆனால் புனேயின் பெரும்பாலான வாடாக்கள் தீயால் அழியவில்லை. 1961 சூலை 12-ஆம் நாள் கட்டுமானத்திலிருந்த பான்ஷேத் அணை உடைந்து, அதன் கீழிருந்த கடக்வாஸ்லா அணையும் உடைய, முத்தா ஆற்றின் வெள்ளம் கரையோரப் பேட்டைகளில் புகுந்தது. மண்சுவர் வீடுகள் பல கரைந்து வீழ்ந்தன. அவ்விடங்களில் சிமெண்டுக் கட்டடங்கள் எழுந்தன. எனினும் வெள்ளத்துக்குத் தப்பிய வாடாக்களும் பின்னர் விழத் தொடங்கின. காரணம் யாது?

முதற்காரணம் வாடகை. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாளில் இருந்த வாடகையை அடிப்படையாகக் கொண்டது. போர்க்காலத்து நெருக்கடியில் எளியோரைக் காத்த நல்ல சட்டமே அது. வேலைக்கு வந்து குடும்பம் வைத்த நம்மவர் பலரும் அதன் நிழலில் வாழ்ந்தவரே. ஆனால் விலைவாசி பன்மடங்கு உயர்ந்த பின்னும் வாடகை பெரிதும் உயராதிருந்தது. பல குடித்தனங்களிடமிருந்தும் பெற்ற வாடகை முழுவதும் சேர்ந்தாலும் கூரை ஓடு மாற்றும் செலவுக்குக்கூடப் போதாத நிலை வந்தது. 1999-ஆம் ஆண்டின் புதிய மகாராஷ்டிர வாடகைச் சட்டம் ஆண்டுக்குச் சிறிதளவு உயர்வுக்கு இடந்தந்தது. ஆனால் அதற்குள் பல வீடுகளின் உத்தரங்கள் உளுத்துவிட்டன.

இரண்டாவது காரணம் பாகப்பிரிவினை. ஒரு தாத்தாவின் வாடா, பேரப்பிள்ளைகளின் காலத்தில் இருபது, முப்பது பங்காகிறது. பங்குதாரர் சிலர் மும்பையில். சிலர் கடல்கடந்த நாடுகளில். பழுதுபார்க்க அனைவரின் இசைவும் வேண்டும்; இடிப்பதற்கோ கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரே அனைவரையும் தேடிச் சென்று இசைவு பெற்றுவிடுகிறார். காரைக்குடிப் பக்கத்துப் பெருவீடுகளின் கதையும் இதுவன்றோ? பங்காளிகள் பலராகி, பர்மாத் தேக்குத் தூண்கள் பழம்பொருட் கடைகளுக்கு வந்து சேர்ந்ததை நம்முள் பலர் அறிவோம்.

மூன்றாவது காரணம் நிலத்தின் மதிப்பு. இரண்டு தளம் உயர்ந்த முற்றவீடு நிற்கும் நிலத்தில் பல தளம் உயர்ந்த அடுக்ககம் கட்டலாம் என்றால், முற்றம் என்பது வருவாய் தராத வெற்றிடமாகவே கணக்கில் தெரியும். வானத்திற்கு விட்ட இடத்திற்கு விலை போட்ட நாளன்று வாடாவின் விதி எழுதப்பட்டுவிட்டது.

காக்க வந்த சட்டமும் சில இடங்களில் முட்டுக்கட்டையாயிற்று. 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டபோது, நடுவணரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்புதல் தடை செய்யப்பட்டது. நோக்கம் நன்று. ஆயின் சனிவார் வாடாவைச் சுற்றியுள்ள பேட்டைகளில் நெருங்கி நிற்பன பழைய வாடாக்களே. அவற்றின் உரிமையாளர் இடித்துக் கட்டவும் இயலாது. பழுதுபார்க்க அனுமதி பெற அலைய வேண்டும். பழுதுபார்ப்பதற்குப் பொருளும் இல்லை. அரண்மனை மதிலைக் காக்கும் வட்டத்திற்குள்ளேயே குடிகளின் வீடுகள் மெல்லச் சரிகின்றன.

இவற்றில் யாரைக் குற்றங்கூறுவது? ஒழுகும் கூரையின் கீழ் இருக்கும் குடித்தனக்காரர் மாறிச் செல்ல வேறிடமின்றித் தவிக்கிறார். உரிமையாளர் பெயரளவில் செல்வர், கையில் பொருளில்லை. மழைக்காலந்தோறும் சுவர் சரியும் செய்தி வருகிறது. அச்சுவரின் கீழ் உறங்குவோரிடம் சென்று மரபின் பெருமையைப் பேசுதல் கொடுமையாகும். உயிருக்கும் உறைவிடத்திற்கும் ஈடு செய்யாத பாதுகாப்பு எதுவும் நிலைக்காது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நினைவா, கட்டடமா?

இவ்விடத்தில் ஒரு கடினமான வினா எழுகின்றது. கட்டடம் போனாலும் நினைவு நின்றால் போதாதா?

லால் மகால் இதற்கு ஒரு விடை. சிவாஜி வளர்ந்த மனை எப்போதோ மறைந்தது. இன்று அப்பெயரில் நிற்பது 1980-களில் மாநகராட்சி எழுப்பிய கட்டடம். பிள்ளைகளுக்கு வரலாற்றைச் சொல்ல அது உதவுகிறது. ஆனால் அதன் சுவரை ஆராய்ந்து பதினேழாம் நூற்றாண்டுத் தச்சரின் கைத்திறனை யாரும் அறிய முடியாது.

பிடே வாடா மற்றொரு விடை. 1848-இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிய இடம் அது. பெண்கல்வி பெற்று இன்று அலுவல் பார்க்கும் நம் மகளிர் ஒவ்வொருவரும் கைகூப்பத்தக்க இடம். அது கடைகள் நிறைந்து சிதைந்து கிடந்தது. வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. உச்சநீதிமன்றத்தின் முடிவுக்குப் பின், 2023 டிசம்பரில் அது இடிக்கப்பட்டது; அவ்விடத்தில் நினைவகம் எழுப்ப 2024-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. சாவித்திரிபாயின் பெயர் நிலைக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் ஏறி இறங்கிய இடத்தின் தடம் இனி இல்லை. சிதையுமுன் காத்திருந்தால் இரண்டும் நமக்குக் கிடைத்திருக்கும். காலந்தாழ்ந்தால் நினைவையோ கட்டடத்தையோ ஒன்றையே தேர்ந்தாக வேண்டும் என்பதே பிடே வாடா கற்பிக்கும் பாடம்.

மண்டை என்று நாம் காய்கறிக்குச் செல்லும் சந்தையோ நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது. வாசுதேவ் காணிட்கர் கட்டிய அந்த எண்கோணக் கோபுரச் சந்தை 1886-இல் ஆளுநர் ரே பிரபுவின் பெயரால் திறக்கப்பட்டது. நகராட்சி உறுப்பினராயிருந்த புலே, அப்பெருஞ்செலவை எதிர்த்து, அப்பணம் கல்விக்குப் பயன்பட வேண்டுமென்றார். இன்று அச்சந்தை தாங்கி நிற்பது மகாத்மா புலேயின் பெயரையே. கட்டடங்கள் தம்மைக் கட்டியவர் எண்ணத்தைக் கடந்து வாழ்கின்றன. பிற்காலத்தார் அவற்றுக்குப் புதுப்பொருள் தருகின்றனர். நிற்கும் கட்டடத்திற்கே இப்பேறு வாய்க்கும்.

நாம் செய்யக்கூடியன

இது மராத்தியரின் வரலாறு. நமக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். கட்கியின் படைக்கலத் தொழிற்சாலையிலும், தென்மண்டலப் படைத் தலைமையகத்திலும், 1928-இல் சிம்லாவிலிருந்து இங்கு வந்த வானிலை அலுவலகத்திலும், புகைவண்டித் துறையிலும் பணியாற்ற வந்த தென்னாட்டார், ராஸ்தா பேட், கட்கி, பாளையம் ஆகிய பகுதிகளில் குடியேறிப் பல தலைமுறைகள் ஆகின்றன. வாடாவின் ஓசரியை ஒட்டிய இரண்டு அறைகளில் சமைத்து, பொதுமுற்றத்தில் வடாம் காயவைத்து, மார்கழியில் மராத்தியரின் ரங்கோலிக்கு அருகே கோலமிட்டு வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. அம்முற்றங்களின் வரலாற்றில் நமக்கும் பங்குண்டு.

மேலும், வந்தேறிய குடி தான் வாழும் ஊரின் கட்டடத்தைத் தனதாகப் போற்றியதற்குத் தஞ்சையிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1803-ஆம் ஆண்டு இரண்டாம் சரபோஜி, போன்ஸ்லே குலத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் பெருவுடையார் கோயில் சுவரில் பொறித்து வைத்தார். சோழர் எடுத்த கோயிலை அயலார் கோயில் என்று அம்மன்னர் விலக்கவில்லை. தம் குலத்தின் நினைவை வைக்கத்தக்க இடமாக மதித்தார். அதே மதிப்பை நாம் புனேக்குத் திருப்பிச் செலுத்துதல் முறையாகும்.

செய்யத்தக்கன பெருஞ்செயல்கள் அல்ல. பழைய வாடாவில் உரிமையோ குடித்தனமோ உடையோர், மழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்றுதலும் நீர்த்தாரையைத் தூய்மை செய்தலும் முதற்கடமை. மரவீட்டின் பகை நீரே. சுவரின் உச்சியில் இறங்கும் நீர், சுவருக்குள் மறைந்திருக்கும் உத்தர முனையை அழுகச் செய்கிறது. கண்ணுக்குத் தெரியுமுன் தளம் சரிகிறது. சுண்ணச்சாந்துச் சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சு பூசுதல் கூடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளிவிட்டு மூச்சுவிடும், சிமெண்டு அவ்வீரத்தை உள்ளே அடைத்துச் செங்கல்லைப் பொடியாக்கும். பழுதுபார்க்குமுன் சுண்ண வேலை அறிந்த கொத்தனாரையும் மரபுக் கட்டடங்களில் பயின்ற பொறியாளரையும் கலந்துகொள்ள வேண்டும்.

இடிக்கப்படுவது உறுதியான வீடாயின், இடியுமுன் அதனைப் பதிவு செய்தல் வேண்டும். அறைகளின் அளவு, தூண்களின் எண்ணிக்கை, கதவின் செதுக்கு, வாழ்ந்த குடும்பங்களின் வரிசை, முற்றத்தில் நடந்த திருமணம் முதலியவற்றை எழுதியும் படமெடுத்தும் வைக்கலாம். சங்கத்தின் இளைஞர்கள் முதியோரிடம் கேட்டு எழுதத்தக்க பணி இது. முற்றம் போனாலும் அதன் வரைபடம் நிற்கும்; மாளிகைமேட்டில் நமக்குக் கிடைக்காத அந்த வரைபடத்தைப் புனேயின் பேரப்பிள்ளைகளுக்காவது நாம் விட்டுச் செல்லலாம்.

அதற்கும் மேலாக, பொதுக்கருத்து உருவாக வேண்டும். முற்றவீட்டைக் காக்கும் உரிமையாளர்க்கு வரிச்சலுகையும், இழந்த கட்டுமான உரிமைக்குத் தக்க ஈடும், எளிய வட்டியில் பழுதுக்கடனும், குடித்தனக்காரர்க்கு உறைவிட உறுதியும் ஒருங்கே கிடைக்கும் வழிகளை மாநகராட்சியும் அரசும் காண வேண்டும். கேட்போர் இருந்தால்தான் காண்போர் இருப்பர். வாக்குரிமையும் வரிச்சீட்டும் உடைய இந்நகரக் குடிமக்களாகிய நாமும் கேட்போருள் ஒருவராதல் வேண்டும்.

அரசர்கள் கல்லில் எடுத்தவற்றை அரசுகள் காத்துக்கொள்ளும். மக்கள் மரத்தில் எடுத்தவற்றை மக்களே காக்க வேண்டும். புனேயின் பேட்டைகளில் இன்னும் சில நூறு முற்றங்களில் காலை வெயில் இறங்குகிறது. அவற்றுள் ஒன்றேனும் நம் தலைமுறையின் கவனக்குறைவால் இருண்டு போகாதிருக்கட்டும்.